மேற்கோள் எவ்வளவு தாங்கும்?

திருத்தணியின் பெருமை சொல்லும் சிறு புத்தகங்களில் ஒரு வாக்கியம் அநேகமாக இருக்கும்: ஆறுபடை வீடுகளில் ஐந்தாவது தணிகை; நக்கீரர் திருமுருகாற்றுப்படையில் அப்படிப் பாடியிருக்கிறார். முற்பாதியை யாரும் மறுப்பதில்லை. சிக்கல் பிற்பாதியில் இருக்கிறது. நூலை எடுத்துப் பார்த்தால் தணிகை என்ற பெயர் அதில் ஓரிடத்திலும் இல்லை. ஐந்தாம் பகுதிக்குக் குன்றுதோறாடல் என்று பெயர். மலைவாழ் மக்கள் தேறலைச் சுற்றத்தோடு குடித்து, தொண்டகப் பறைக்கு ஏற்பக் குரவை ஆடுகிறார்கள். செந்நிற மேனியோடு முருகன் மகளிரைத் தழுவி அவர்களோடு ஆடுகிறான். எந்த ஒரு மலையையும் பெயர் சொல்லிக் குறிக்காமல், மலைகள்தோறும் அவன் ஆடுவதாகப் பாடிவிட்டு நக்கீரர் மேலே போய்விடுகிறார். இதைக் கண்டதும் ஒரு சாரார், தணிகையின் ஐந்தாமிடம் பொய்த்துவிட்டது என்று கை தட்டுகிறார்கள். இன்னொரு சாரார், மரபை நூல் புரட்டிச் சோதிக்க நீ யார் என்று கோபப்படுகிறார்கள். இரு சாராரும் ஒரே எண்ணத்தில் நிற்கிறார்கள் என்பதுதான் வேடிக்கை: மேற்கோள் என்பது கூற்றை நிரூபிக்கும் பொருள், அது போனால் கூற்றும் போயிற்று. அந்த எண்ணம் தவறு என்பது என் வாதம். மேற்கோள் எதையும் உண்மையாக்குவதில்லை. ஒரு கூற்று எதன்மேல் நிற்கிறது என்பதைக் கேட்பவருக்குக் காட்டி, போய்ப் பார்த்துக்கொள்ளும் உரிமையை அவர் கையில் கொடுக்கிறது. ஜாமீன் கையெழுத்துப் போட்டவர் எந்தத் தொகைக்குப் போட்டாரோ அந்தத் தொகைக்கே பொறுப்பு. அதற்குமேல் வாங்கிய கடனை அவர் தலையில் கட்ட முடியாது.

நக்கீரர் எவ்வளவுக்குப் பொறுப்பு? பரங்குன்றம், அலைவாய், ஆவினன்குடி மூன்றையும் அவர் இடமாகவே பாடுகிறார். ஏரகம் என்ற நான்காவது இடத்திலேயே கருத்து வேறுபாடு தொடங்கிவிடுகிறது. இன்று அதைச் சுவாமிமலை என்கிறோம். நச்சினார்க்கினியரோ தம் உரையில் ஏரகத்தை மலைநாட்டுத் திருப்பதியாகக் கொண்டார். ஐந்தாவதில் இடப்பெயரே கிடையாது. ஆக, ஒரே நூலுக்குள்ளேயே சான்றின் அழுத்தம் பகுதிக்குப் பகுதி மாறுகிறது. தணிகைக்கு நேரடியான சான்று வேண்டுமென்றால் பின்னால் வந்த நூல்களுக்குத்தான் போக வேண்டும். கச்சியப்ப சிவாசாரியாரின் கந்தபுராணத்தில் வள்ளியை மணந்த முருகன் அவளோடு தணிகைக்கு வருகிறான். அருணகிரிநாதர் தணிகைக்கென்றே பல திருப்புகழ் பாடியிருக்கிறார். 18ஆம் நூற்றாண்டில் கச்சியப்ப முனிவர் தணிகைப் புராணம் இயற்றினார். 19ஆம் நூற்றாண்டில் வள்ளலார் தம் இளமைப் பாடல்களில் பெரும்பகுதியைத் தணிகை முருகனுக்கே கொடுத்தார். இவற்றைச் சேர்த்துப் பார்த்தால் வரலாறு நேராகவே தெரிகிறது: நக்கீரர் எல்லாக் குன்றுகளையும் பாடினார், அந்த எல்லாவற்றுக்கும் உரிய ஒரு குன்றாகப் பிற்கால மரபு தணிகையைத் தேர்ந்துகொண்டது. இரண்டு செய்திகளும் உண்மை, இரண்டுக்கும் தனித்தனிச் சான்று உண்டு. இரண்டாவதன் சுமையையும் நக்கீரர் தோளில் ஏற்றும்போதுதான் கட்டுமானம் ஆட்டம் காண்கிறது. ஆட்டம் காண்பது தணிகையின் பெருமை என்று எண்ணி இரு சாராரும் சண்டை போடுகிறார்கள்.

இங்கே ஒரு வலுவான மறுப்பு எழும். நம் சமயங்களில் ஆகமம் என்பது வெறும் துணைச்சான்று இல்லை, தானே ஒரு பிரமாணம். நூல் சொல்லிவிட்டால் அதுவே நிரூபணம். மேற்கோள் இடத்தைக் காட்டுவதோடு சரி என்பது இந்த மண்ணின் தத்துவம் அறியாத பேச்சு என்பார்கள். மறுப்பு மதிப்புக்குரியது, ஆனால் அந்தத் தத்துவ நூல்களே இவ்வளவு தூரம் போகவில்லை. மணிமேகலையின் 27ஆம் காதையில் அளவைவாதி அளவைகள், அதாவது பிரமாணங்கள், பத்தை அடுக்குகிறான். வியாசர் கொண்டவை பத்து, கிருதகோடி கொண்டவை எட்டு, சைமினி கொண்டவை ஆறு என்று கணக்கும் சொல்கிறான். அந்தப் பத்தில் ஐதிகம் ஒன்று. முதலில் சொன்னவர் யாரென்று தெரியாமல், உலகம் வழிவழியாகச் சொல்வதை ஏற்பது ஐதிகம். அதற்குக் காவியம் தரும் எடுத்துக்காட்டு, இந்த மரத்தில் பேய் உண்டு என்று ஊரார் சொல்வதை நம்புவது. காவியம் பாடிய சாத்தனார் எந்தச் சிரிப்போடு இதை எழுதியிருப்பார் என்று ஊகிக்கத் தோன்றுகிறது. இரண்டு காதைகள் தாண்டினால் அறவண அடிகள் பௌத்தர் வழியில் காண்டல், கருதல் என்ற இரண்டே போதும் என்று நிறுத்திவிடுகிறார். அவர்களுக்கு உரை, அதாவது நூல்வாக்கு, தனிப் பிரமாணம் அன்று. சைவ சித்தாந்தம் உரையை ஏற்கிறது. அருணந்தி சிவாசாரியார் சிவஞான சித்தியாரில் ஆறென்றும் பத்தென்றும் பிறர் சொன்ன அளவைகளைக் காண்டல், கருதல், உரை என்ற மூன்றுக்குள் அடக்குகிறார். ஆனால் உரைக்கு அவர் தரும் ஆட்சிப்பரப்பு, கண்ணும் ஊகமும் எட்டாத பொருள்கள். கண்ணால் பார்த்து முடிக்க வேண்டியதை வேதத்தைக் கொண்டு முடிக்கலாம் என்று எந்த ஆசாரியரும் சொல்லவில்லை. நெருப்பு குளிர்ந்தது என்று நூறு சுருதிகள் சொன்னாலும் அது பிரமாணமாகாது என்று பொருள்பட, வேதத்தையே உயிராகக் கொண்ட சங்கரர் கீதை உரையில் எழுதியிருக்கிறார். சித்தியாரின் பரபக்கத்தில் இன்னொரு பாடம் உண்டு. உலகாயதனையும் பௌத்தனையும் மறுக்க வரும்போது, சிவாகமம் சொல்கிறது ஆகவே நீ தவறு என்று அருணந்தியார் பேசுவதில்லை. அவர்கள் ஏற்காத நூலை அவர்கள்முன் நீட்டுவதில் பயனில்லை என்பது அவருக்குத் தெரியும். அவர்கள் கொள்கையிலிருந்தே எழும் முரண்களைக் காட்டி மடக்குகிறார். உரையைப் பிரமாணமாகக் கொண்ட ஒருவர், அது யாரிடம் செல்லும், எதற்குச் செல்லும் என்பதில் இவ்வளவு கவனம் காட்டியிருக்கிறார். திருமுருகாற்றுப்படையில் ஒரு பெயர் இருக்கிறதா இல்லையா என்பது கண்ணால் பார்க்கும் காரியம். அதை அவரே காண்டலுக்குத்தான் விட்டிருப்பார்.

ஆடிக் கிருத்திகையன்று காவடி எடுத்து 365 படிகளையும் ஏறும் பக்தருக்கு இந்த ஆராய்ச்சி எதற்கு என்று கேட்கலாம். அவருக்கு ஒன்றுமே தேவையில்லை. தமிழிலும் தெலுங்கிலும் அரோகரா சொல்லிக்கொண்டு ஏறும் கூட்டம் நக்கீரரைக் கேட்டுக்கொண்டு மலைக்கு வரவில்லை. நம்பிக்கை தன்னளவில் வாதம் இல்லாததால் அதற்கு மேற்கோளும் வேண்டியதில்லை. ஆனால் நம்பிக்கையை இன்னொருவரிடம் நிறுவப் புகுந்து, இது நான் சொல்வதன்று, நக்கீரர் சொன்னது என்று வாய் திறந்த கணத்தில் நாம் வாதத்துக்குள் வந்துவிடுகிறோம். கேட்பவர் ஏட்டைத் திறந்து பார்ப்பதைக் குற்றமாகக் கொள்ள முடியாது. பார்க்கக் கூடாதென்றால் பெயரைச் சொல்லியிருக்கவே வேண்டாம். இன்னும் ஒன்று: தணிகையை உள்ளே திணிக்காமல் படித்தால் குன்றுதோறாடல் கூடுதலாகவே பேசுகிறது. கோயிலும் கோபுரமும் இல்லாத மலைச்சாரலில், கள் குடித்து ஆடும் எளிய மக்களோடு கைகோத்து ஆடும் தெய்வம் அது. மலைக்கு ஒரு பெயரைக் கட்டிவிட்டால் அந்தத் தோறும் என்ற விரிவு சுருங்கிவிடும். மரபுக்காக வாதாடுகிறவர்கள் மரபின் மிக அழகிய பக்கத்தை இப்படி இழப்பது எனக்கு வருத்தமாகவே இருக்கிறது.

ஒவ்வொரு மேற்கோளும் இன்னொரு நூலைக் காட்டும், அது வேறொன்றைக் காட்டும், இதற்கு முடிவே இல்லையே என்பது தத்துவக்காரர்கள் எழுப்பும் தடை. முடிவு உண்டு, நிகழ்ச்சிக்கு அருகில் நின்ற சாட்சி கிடைத்தால் அங்கே நிற்கலாம். திருத்தணியிலேயே அதற்கு அருமையான உதாரணம் இருக்கிறது. மலைமேலுள்ள கோயிலின் புகழில் பலர் கவனிக்காமல் போகும் வீரட்டானேசுவரர் கோயிலில், 9ஆம் நூற்றாண்டின் கடைசிப் பகுதியில் ஆண்ட அபராசித பல்லவன் காலத்துக் கல்வெட்டு உள்ளது. நம்பி அப்பி என்பவர் அந்தக் கற்றளியை எடுப்பித்த செய்தியை ஒரு வெண்பா சொல்கிறது. அதோடு நிற்காமல், இந்த வெண்பாவைப் பெருமானடிகள், அதாவது அரசரே பாடியருளினார் என்றும் கல்லில் குறித்திருக்கிறார்கள். பாட்டை வெட்டியதோடு பாடியவரையும் சேர்த்து வெட்டிய அந்தக் கவனத்தை, ஆசிரியர் பெயர் இல்லாமல் பாட்டுகளைப் பரப்பும் நம் காலம் கற்றுக்கொள்ளலாம். 1977இல் திருத்தணியை அடுத்த வேலஞ்சேரியில் அபராசிதனுடைய செப்பேடும் முதற் பராந்தக சோழனுடைய செப்பேடும் கிடைத்தன; இரா. நாகசாமி அவற்றைப் பதிப்பித்தார். இவற்றுக்குப் பிறகும் கேள்வி கேட்கலாம். கல்வெட்டுக்காரனுக்கும் கொடையாளியைப் புகழும் கடமை உண்டு. செப்பேட்டின் மெய்க்கீர்த்தியில் தோற்ற போர்கள் இடம்பெறுவதில்லை. அப்படியும், எடுப்பித்த காலத்திலேயே வெட்டிய கல் ஒரு சாட்சி. ஒன்றைப் பார்த்து மற்றொன்றாக எழுதப்பட்ட பத்துத் தலபுராணச் சுருக்கங்கள் பத்துச் சாட்சிகள் ஆவதில்லை. எத்தனை படிகள் எடுத்தாலும் மூலம் ஒன்றானால் சாட்சி ஒன்றுதான். பதினைந்து நூல்கள் சொல்கின்றன என்று எண்ணிக்கை காட்டி வாதிடுகிறவர் முதலில் அந்தப் பதினைந்தின் குடும்பத்தை விசாரிக்க வேண்டும்.

மேற்கோளின் தாங்கும் திறன் கேள்வியைப் பொறுத்தது என்பதைத் திருத்தணியின் எல்லை வரலாற்றைவிடத் தெளிவாகக் காட்டும் வழக்கு எனக்குத் தெரியவில்லை. 1953 அக்டோபர் 1ஆம் தேதி ஆந்திர மாநிலம் பிறந்தபோது சித்தூர் மாவட்டம் அதில் சேர்ந்தது. அந்த மாவட்டத்திலிருந்த திருத்தணியும் கூடவே போயிற்று. வடக்கெல்லை மீட்புக்காகத் திருத்தணி வட்டாரத்தில் மங்கலங்கிழார் ஏற்கெனவே உழைத்திருந்தார். தமிழரசுக் கழகத்தின் ம.பொ.சி. போராட்டத்தை மாநிலம் முழுவதற்கும் உரியதாக ஆக்கினார். அந்தப் போராட்டத்தின் பெரிய மேற்கோள் தொல்காப்பியப் பாயிரம். வடக்கே வேங்கடம், தெற்கே குமரி, இடைப்பட்டது தமிழ் வழங்கும் நிலம் என்று அது வரையறுக்கிறது. இரண்டாயிரம் ஆண்டுப் பழமை கொண்டதாக மதிக்கப்படும் ஒரு நூலின் முகப்பிலேயே எல்லைக்கல் நடப்பட்டிருக்கும்போது இதற்குமேல் என்ன ஆதாரம் வேண்டும் என்று மேடைகளில் கேட்டார்கள். கேள்வியில் உணர்ச்சி நியாயமானது. ஆனால் அந்தப் பாயிரம் தொல்காப்பியர் எழுதியதன்று, பனம்பாரனார் எழுதியது; அது சொல்வது அவர் காலத்தில் தமிழ் வழங்கிய பரப்பை. 1950களில் ஒரு கிராமத்தில் பெரும்பான்மையோர் பேசும் மொழி எது என்ற கேள்விக்கு அதில் விடை இருக்க முடியாது. இரு அரசுகளுக்கும் நடுவராக வந்த பட்டாஸ்கர், கிராமத்தை அலகாகக் கொண்டு, மொழிப் பெரும்பான்மையையும் நிலத்தொடர்ச்சியையும் பார்த்தார். 1959இல் நாடாளுமன்றம் எல்லை மாற்றச் சட்டம் இயற்ற, 1960 ஏப்ரல் 1 முதல் திருத்தணி சென்னை மாநிலத்துக்கு வந்தது. வேங்கடமோ, அதாவது பாயிரம் பெயர் சொல்லிக் குறித்த அதே திருப்பதி, ஆந்திரத்தில் தங்கிவிட்டது. பாயிரத்தில் இல்லாத ஊர் கிடைத்தது; இருந்த ஊர் கிடைக்கவில்லை. இதனால் அந்த மேற்கோள் வீண் என்று சொல்வது அவசரம். இந்த நிலத்தைப் பற்றிக் கேட்க நமக்கு என்ன உறவு என்ற கேள்விக்குப் பாயிரம் நல்ல விடை. அந்த விடை இல்லாதிருந்தால் மக்கள் தெருவுக்கு வந்திருப்பார்களா என்பதே சந்தேகம், தெருவுக்கு வராதிருந்தால் நடுவர் வந்திருப்பாரா என்பது அதைவிடப் பெரிய சந்தேகம். ஆனால் இந்த ஊர் யாருக்கு என்று தீர்ப்பதற்கு மக்கள்தொகைக் கணக்கும் கிராமப் பட்டியலும் தேவைப்பட்டன.

மூலத்தைக் குறிப்பிடு, பக்கத்தைக் காட்டு என்பதெல்லாம் மேல்நாட்டுப் பல்கலைக்கழகப் பழக்கம், நம் உரையாசிரியர்கள் நூற்பெயர் சொல்லாமலே மேற்கோள்களை அள்ளி வீசினார்களே என்று ஒரு தடை கேட்கிறது. பாதி உண்மை. நச்சினார்க்கினியர் ஒரு தொடரை எடுத்துப் போட்டுவிட்டுப் போவார், எங்கிருந்து என்று சொல்ல மாட்டார். அவர் முன் உட்கார்ந்த மாணவன் அந்த நூலை மனப்பாடமாக அறிந்தவன். சரிபார்ப்பு அவன் நினைவிலேயே நடந்துவிடும். அந்த மாணவர் பரம்பரை அறுந்த பிறகு அதே மேற்கோள்கள் புதிர்களாயின. ஒவ்வொன்றுக்கும் மூலம் தேடி உ.வே. சாமிநாதையர் பல ஆண்டுகள் ஏடுகளோடு மல்லாடினார். தடையின் மறுபாதி உண்மையன்று. அடியார்க்குநல்லார் தாம் பயன்படுத்திய நூல்களைப் பெயர் சொல்லிக் குறித்திருக்கிறார். அவற்றுள் சில இன்று கிடைக்காமல் பெயரளவில் அவர் உரையிலேதான் வாழ்கின்றன. புறத்திரட்டைத் தொகுத்தவர் பாட்டுகளோடு நூற்பெயரையும் குறிக்காதிருந்தால் முத்தொள்ளாயிரம் என்று இன்று நாம் கொண்டாடும் நூலின் பெரும்பகுதியை அடையாளம் காண வழியில்லை. இவற்றையெல்லாம்விட எனக்கு வியப்பூட்டுவது நீலகேசி. சமண நூலான அது பௌத்தக் காவியமான குண்டலகேசியை மறுக்க எழுந்தது. குண்டலகேசி அழிந்துவிட்டது. அதன் பல பாடல்களின் முதற்குறிப்புகள் இன்றும் இருப்பதற்குக் காரணம் நீலகேசிக்கு உரை எழுதிய சமய திவாகர வாமன முனிவர், தாம் மறுக்கும் பாட்டு இன்னதென்று சுட்டிக்கொண்டே போனது. பகைவனின் சொல்லைத் திரிக்காமல் எடுத்துவைத்து அதன் பிறகு வெட்டும் நாணயம் இங்கே யாரிடமும் கடன் வாங்கியதன்று.

கடன் என்றதும் திருத்தணியில் பிறந்த தத்துவப் பேராசிரியர் ஒருவரின் வழக்கு நினைவுக்கு வருவதைத் தவிர்க்க முடியவில்லை. சர்வபள்ளி ராதாகிருஷ்ணன் கல்கத்தாப் பல்கலைக்கழகத்தில் பேராசிரியராக இருந்தபோது எழுதிய இந்தியத் தத்துவம் நூலின் இரண்டாம் தொகுதி 1927இல் வெளிவந்தது. அதே பல்கலைக்கழகத்தில் ஆய்வேடு அளித்திருந்த ஜதுநாத் சின்கா, தம் ஆய்வேட்டின் பகுதிகள் குறிப்பில்லாமல் அதில் எடுத்தாளப்பட்டுள்ளன என்று 1929இல் மாடர்ன் ரிவ்யூ இதழில் குற்றஞ்சாட்டி, கல்கத்தா உயர் நீதிமன்றத்தில் வழக்கும் தொடுத்தார். ராதாகிருஷ்ணன் சின்கா மீதும் இதழாசிரியர் ராமானந்த சட்டர்ஜி மீதும் எதிர்வழக்குப் போட்டார். இருவரும் ஒரே வடமொழி மூலங்களை எடுத்துக்கொண்டால் சொற்கள் ஒத்துவருவது இயல்பு என்பது அவர் பக்க விளக்கம். 1933இல் நீதிமன்றத்துக்கு வெளியே சமரசம் ஆயிற்று. தீர்ப்பு என்று ஒன்று வரவேயில்லை. ஆனால் ஆசிரியர் தினமான ஒவ்வொரு செப்டம்பர் 5ஆம் தேதியும் இந்த வழக்கு இரண்டு விதமாக மேற்கோள் காட்டப்படுகிறது. சமரசத்துக்கு வந்ததே குற்றத்தை ஒப்புக்கொண்டதற்கு ஆதாரம் என்கிறது ஒரு தரப்பு. நீதிமன்றம் தண்டிக்காததே குற்றமின்மைக்கு ஆதாரம் என்கிறது மற்றது. நடக்காத தீர்ப்பை இரு பக்கமும் படித்துக் காட்டுகிறார்கள். குற்றச்சாட்டு எழுந்தது, எதிர்வழக்கு வந்தது, சமரசத்தில் முடிந்தது. அந்த வழக்கை மேற்கோளாகக் கொண்டு சொல்லக்கூடியது இந்த அளவே. ஒத்த மூலத்தால் வந்த ஒற்றுமையா, எடுத்தாண்டதால் வந்த ஒற்றுமையா என்பதை அறிய விரும்புகிறவர் வழக்கை விட்டுவிட்டு நூல்களுக்குப் போக வேண்டும். சின்காவின் ஆய்வு 1934இல் லண்டனில் அச்சாகிவிட்டது. ராதாகிருஷ்ணன் நூலும் கிடைக்கிறது. இருவரும் மொழிபெயர்த்த வடமொழி வாக்கியங்களும் அச்சில் உள்ளன. மூன்றையும் பக்கத்தில் பக்கத்தில் வைத்து, மூலத்தில் இல்லாத சொல்லோ விளக்கமோ இரண்டு ஆங்கில நூல்களிலும் ஒன்றுபோல வருகிறதா என்று பார்க்க வேண்டும். மெனக்கெட வேண்டிய வேலைதான். இதற்கு ஆசிரியர் தினத்து ஓர் இரவு போதாது.